அக்கா கோனர்

தானா ராத்தாவில் ஏறிய வேனில், பக்கத்திலிருந்த நேபாளித் தொழிலாளி டிரைவரிடம் பழகிய தமிழில், "அக்கா கோனர்ல நிப்பாட்டு லா" என்றான்.

எந்த வரைபடத்திலும் இல்லாத, ஒரு மலைச்சாலை வளைவின் பெயர் அது. கல்யாணம் முடிந்து ஜொகூருக்குக் கிளம்பிய என் அக்கா, லோரியிலிருந்து கையசைத்தபடியே அந்த வளைவில்தான் மறைந்தாள். "அக்கா போன கோனர்" என்று அம்மா என்னிடம் சொல்லிச் சொல்லி, அதுவே பெயராயிற்று. சாயங்காலம் தேயிலைக் கொழுந்து லோரி அங்கே கியர் மாற்றி உறுமினால், துணி பிழிகிற அம்மாவின் கை நின்றுவிடும்.

"லோரி அக்கா கோனருக்கு வந்துருச்சு. ஒல வை."

எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஜனங்கள் எல்லாருக்கும் அந்தப் பெயர் தொற்றிக்கொண்டது. கங்காணிகூட அப்படித்தான் சொன்னார். தலைப்பிரசவத்துக்கு அக்கா வருவாள் என்று அம்மா காத்திருந்தாள். அவளுடைய சாவுச் சேதிதான் வந்தது.

இப்போது அம்மாவும் இல்லை, லயமும் இல்லை. அந்த இடத்தில் காய்கறித் தோட்டத்தின் பிளாஸ்டிக் கூரைகள்.

"யாருப்பா அந்த அக்கா?" என்று கேட்டேன்.

"தெரியாதா அங்கிள்? ரொம்ப வருசம் இங்க நாசி லெமாக் சோத்துக் கடை போட்டிருந்தாங்களாம். எல்லாரும் சொல்றாங்க."

நான் திருத்தவில்லை. அந்தக் கடையிலாவது அக்கா கிழவியாகட்டும்.