ஒழுகிய பலகைத் தடுப்பு

போன வாரம் எங்கள் குளியலறைக் கண்ணாடித் தடுப்பின் அடியில் நீர் கசிந்தது. ஓர் ஆள் வந்து, குழலிலிருந்து வெள்ளைப் பசையைப் பிதுக்கித் தடவிவிட்டு, நான் காபி போட்டு எடுத்து வருவதற்குள் போய்விட்டார். அந்தப் பசைக்கு ஒரு வாசனையாவது இருந்திருக்கலாம். எங்கள் பழைய தடுப்பை அடைத்த நாளில் தெருவே குங்கிலிய வாசனையில் கிடந்தது.

நான் புதுச்சேரிக்காரி. கதவும் குழாயும் உள்ள குளியலறையில் குளித்து வளர்ந்தவள். எழுபதுகளின் நடுவில் என்னை மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் இடையில், உப்பளத்தைப் பார்த்தபடி நின்ற ஒரு வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். மாமியார் நான் போவதற்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டில் என் கணவரும் மாமனாரும்தான். குளிப்பதற்குக் கிணற்றடி. அதைச் சுற்றி இடுப்பளவுக்கு ஓர் ஓலைத் தட்டி. உப்பளத்து ஆட்கள் போகிற பாதை அதை உரசிக்கொண்டு போகும் என்பதால், அவர்கள் கிளம்புவதற்கு முன் இருட்டிலேயே குளித்து முடித்துவிட வேண்டும். முதல் மாதம் நான் அழுத அழுகையில் அந்தக் கிணறு இன்னும் கொஞ்சம் கரித்திருக்கும்.

என் வீட்டுக்காரர் அப்போது ஆரோவில்லில் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். என் அழுகைக்கு மனம் இளகினாரா, அங்கே பார்த்ததைச் செய்துபார்க்கும் ஆசையா, தெரியாது. ஒரு நாள் சமையலறை மூலையில் சிமெண்டு பூசி, வெளியே மேடை கட்டி எண்ணெய் ட்ரம் ஒன்றை ஏற்றி, சுவர் வழியாகக் குழாய் இழுத்து, அதன் நுனியில் பூவாளியின் தலையை மாட்டினார். மாமனார் ஒரு காலத்தில் கால்வாயில் சென்னைக்கு உப்பு ஏற்றிப்போன படகு கரையில் உடைந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் அதன் பலகைகளைக் கழற்றி வந்து நிறுத்தித் தடுப்பாக்கினார். கதவும் அதே பலகைதான். முதல் முறையாகப் பட்டப்பகலில் தலைக்குக் குளித்தேன். அந்த வீட்டில் நான் சந்தோஷமாக இருந்த முதல் நாள் அது.

சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பலகை இடுக்குகள் வழியாக நீர் சமையலறைக்குள் ஓடியது. மண் அடுப்பு கரைந்தது, விறகு நனைந்தது, காபி தாமதமானது. காபி தாமதமானால் என் வீட்டுக்காரருக்கு உலகமே இடிந்துவிடும். இடுக்கில் சிமெண்டை அப்பினார், உதிர்ந்தது. சைக்கிள் டியூபை வெட்டி ஆணியடித்தார். உப்புக்காற்றில் ஆணி துருப்பிடித்து இற்றது. அவருக்கு அலுத்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம மாதா கோயில் பூசை முடிஞ்சு வந்து இத பிரிச்சுப் போட்டுடறேன். நீ பழையபடி கெணத்தடிக்கே போ."

"நீங்க போய்க் குளிங்க அந்த இருட்டுல," என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் சொன்னால் செய்துவிடுகிற மனிதர் அவர்.

மாமனார் என்னோடு நேராகப் பேசமாட்டார். அந்த வீட்டு வழக்கம் அப்படி. சமையலறைப் பக்கம் வருவதென்றால் முதலில் ஓர் இருமல். ஏதாவது வேண்டுமென்றால் மகனிடமோ கூரையிடமோ சொல்வார். அன்று யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் குங்கிலியத்தை எண்ணெயில் போட்டுக் காய்ச்சினார். தேங்காய் நாரைத் திரித்து அதில் தோய்த்து, அடுப்புப் பக்கமாக உட்கார்ந்து, மழுங்கிய உளியால் ஒவ்வொரு இடுக்கிலும் அடித்து ஏற்றினார். படகை அடைக்கிற அதே வேலை. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

அடுத்த நாள் நான் குழாயைத் திறந்தேன். தண்ணீர் தள்ளியதில் நார்த்திரிகள் ஒவ்வொன்றாகப் பிதுங்கி சமையலறைக்குள் விழுந்தன. ஒன்று ரசத்தில் போய் விழுந்தது. என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏம்பா, படகுன்னு நெனச்சிட்டியா? படகுக்குத் தண்ணி வெளியில. இங்க தண்ணி உள்ள இல்ல இருக்குது?"

"ஆமாம்ல," என்று மாமனாரும் சிரித்துவிட்டார். "கை பழகிப்போச்சுடா. வெளிப்பக்கந்தான் வருது."

நானும் சேர்ந்து சிரித்தேன். தவறு தெரிந்துவிட்டது, உள்பக்கம் அடித்தால் சரியாகிவிடும் என்று நிம்மதி. ஆனால் வெள்ளி போயிற்று, சனிக்கிழமையும் மத்தியானம் ஆயிற்று. அவர் வாசலில் உட்கார்ந்து நார் திரித்துக்கொண்டே இருந்தார், தடுப்புப் பக்கம் வரவே இல்லை. சட்டியில் குங்கிலியம் இறுகிக் கல்லாகிவிட்டது. மகன் சிரித்ததற்குக் கோபித்துக்கொண்டாரோ என்று எனக்கு எரிச்சல். வழக்கமாவது ஒன்றாவது என்று நேரே போய் நின்றேன்.

"மாமா, உள்ள வந்து அடிச்சா நின்னுடும். நாளைக்கு அவரு பிரிச்சுடுவாரு. ஏன் இப்பிடி உக்காந்துகிட்டு இருக்கீங்க?"

அவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அது பொம்பள புள்ள குளிக்கிற எடம்மா. உன் துணிமணி தொங்குது. நான் எப்பிடி அதுல காலெடுத்து வைக்கிறது?"

நான் கையை நீட்டினேன். "அப்ப உளிய எங்கிட்ட குடுங்க," என்றேன்.

குங்கிலியத்தை மறுபடி உருக்கினோம். நான் உள்ளே, அவர் அடுப்புப் பக்கம், நடுவில் அவர் படகின் பலகைகள். இடுக்கு இருக்கிற இடத்தை அவர் விரலால் தட்டுவார். நான் அங்கே நாரை வைத்து அடிப்பேன். "இன்னும் கீழம்மா. அங்கதான். பயப்படாம அடி, பலகை தாங்கும்." முகம் தெரியாததாலோ என்னவோ, கல்யாணமாகி வந்ததிலிருந்து பேசாததையெல்லாம் அன்று பேசினார். கால்வாயில் எதிர்காற்று அடித்தால் படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்த கதை, எங்கள் வீட்டு மீன்குழம்புக்குத் தேங்காய் அரைப்பார்களா என்ற விசாரணை. என் விரல்களெல்லாம் பிசுபிசுப்பு, கட்டைவிரலில் அடி. ஆனாலும் அந்தச் சாயங்காலம் முடியாமல் இருக்கட்டும் என்று இருந்தது. அவரை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்துப்போனது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்தார். நான் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். சமையலறை வாசற்படியிலிருந்து மாமனாரின் குரல் கேட்டது.

"எங்க ஒழுவுது? காட்டு பாக்கலாம்."

"இன்னிக்கு நிக்கும், நாளைக்கு ஒழுவும்பா. கெணத்தடியில குளிச்சா என்ன கொறஞ்சிடப் போவுது? அம்மா குளிக்கலியா?"

மாமனாரின் குரல் இப்போது பலகைக்குப் பக்கத்தில் கேட்டது.

"குளிச்சா. வந்த நாள்லேர்ந்து சாவற வரைக்கும் இருட்டுலதான் குளிச்சா. ஜொரத்துலயும் இருட்டுலதான். அந்தத் தட்டிய ஒரு முழம் ஒசத்திக் கட்டணும்னு எனக்குத் தோணல. அவளும் கேக்கல. கடப்பாரைய வச்சிட்டுப் போடா."

குழாயை மூடினால் நான் அழுவது இருவருக்கும் கேட்டுவிடும். ட்ரம் தண்ணீர் மொத்தமும் தீரட்டும் என்று அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.