கடல் பக்கம் அடித்தால் அவுட்

உப்புத் தண்ணீரில் ஊறின டென்னிஸ் பந்து கன்னத்தில் வந்து அறைந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? சுள்ளென்று ஒரு எரிச்சல்... அப்புறம் வாயெல்லாம் மணல். வைத்திக்குப்பம் கடற்கரையில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த காலத்தில் இந்த அறையை நான் வாங்காத வாரம் கிடையாது.

அடித்தவள் வேறு யாருமில்லை. என் அண்ணன் மகள் கஸ்தூரிதான். அப்போது பள்ளிக்கூடத்துப் பெண். பையன்களோடு பையனாக மட்டை பிடிப்பாள்.

"ஏன்டி, ஒன்னக் கட்டிக் குடுக்கறதுக்குள்ள எனக்கு வாயில ஒரு பல்லாவது மிஞ்சுமா?"

"பல்லு போனா நண்டு மிச்சம் அத்த. ஒன் பங்கையும் நானே சாப்பிட்டுக்கறேன். பந்தக் குடு."

மருமகள் இல்லையா... வாய் மட்டும் அப்படியே என்னை உரித்து வைத்திருந்தது.

அந்த மணலுக்கென்று தனிச் சட்டம் உண்டு. மட்டை பிடித்துப் பக்கவாட்டில் நின்றால் முகத்துக்கு நேரே கடல், முதுகுப் பக்கம் படகுகள். படகில் பட்டால் நாலு ரன். கடலில் விழுந்தால் அவுட். அதோடு விடமாட்டார்கள்... அடித்தவரே நீந்திப் போய் எடுத்து வர வேண்டும். இருப்பதே ஒரு பந்து, வேறென்ன செய்வது?

இப்படியே ஆடி வளர்ந்தவள், எந்தப் பந்து வந்தாலும் இழுத்துப் படகில் அடிப்பாள். அண்ணன் படகில் பெயின்ட் உரிந்ததற்குக் காற்றும் வெயிலும் காரணமில்லை.

புதுச்சேரி பெண்கள் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பி.டி. டீச்சர் சொல்லி அனுப்பினார். நானும் அவளும் பஸ் ஏறினோம். அண்ணன் வரவில்லை.

"எடுக்கலன்னா இதோட வுட்டுரணும். தட்டாஞ்சாவடி கம்பெனியில சொல்லி வச்சிருக்கேன். பரீட்ச முடிஞ்சதும் வேலைக்குப் போவணும்" என்றான். தீர்ந்தது பேச்சு.

மைதானத்தில் முதுகுப் பக்கம் போக வேண்டிய பந்தெல்லாம் பறந்தது. முகத்துக்கு முன்னால் வந்ததை மட்டும் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். கோச் மேடத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, அந்தப் பக்கம் ஆடவே மாட்டேங்கற?"

"அது கடலு மேடம்."

கோச் மேடம் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு வேப்பமரமும் இரண்டு மாடும்தான் இருந்தன.

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன்... வாயை மூடிக்கொண்டேன்.

"கை நல்லா இருக்கு. ஆனா பாதி கிரவுண்ட வச்சிகிட்டு மேட்ச் ஆட முடியாது. அடுத்த செலக்‌ஷன்ல அந்தப் பக்கம் அடிச்சிக் காட்டு."

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி இன்னும் ஒரு தடவைக்கு உத்தரவு வாங்கினோம்.

மறுநாள் பையன்களிடம் போய் நின்றாள். அவர்களில் பெரியவன் மாரி கையை விரித்தான்.

"ஒனக்காக சட்டத்த மாத்த முடியாது கஸ்து. கடலுக்குப் போனா அவுட்டுதான்."

"மாத்த வேணாம். அவுட்டாவே ஆடறேன்."

ஆடினாள். ஒரு பந்து. கடல் பக்கம் அடிப்பாள். அவுட். மட்டையைப் போட்டுவிட்டு நீந்திப் போய் எடுத்து வருவாள். தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கடைசி ஆளாக நிற்பாள். முறை வரும். மறுபடியும் கடல்.

"என்னாடி, உங்கப்பன் வலையோட கடலுக்குப் போறான், நீ மட்டையோட போறியா? வரும்போது நாலு சங்கரா புடிச்சிட்டு வா!" என்று கத்துவேன். பந்தோடு கரையேறுவாள். கண் சிவந்திருக்கும், பல் கிட்டிப் போயிருக்கும். மார்கழிக் குளிரிலும் விடவில்லை.

முதலில் ஈர மணலிலேயே விழுந்த பந்து, போகப் போக அலையைத் தாண்டி விழ ஆரம்பித்தது.

ஒருநாள் சாயந்திரம் அடித்தது ரொம்ப உள்ளே போய்விட்டது. வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான்.

"நீரோட்டம் இழுக்குது. நீ நில்லு, நான் போறேன்."

"அடிச்சவதான்பா எடுக்கணும்."

சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். அவள் தலை கரைக்குத் திரும்பும் வரைக்கும் அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்றான்.  அடுத்த செலக்‌ஷனுக்கு எங்களுக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றவன் அவன்தான்.

அன்றைக்கு அந்தக் கடல் பக்கமாக வந்த பந்தை ஒரு காலை முன்னால் வைத்து அடித்தாள் பாருங்கள்... வேப்பமரத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. மாடு எழுந்து ஓடியது.

கைதட்டலாம் என்று பார்த்தால், மட்டையைக் கீழே போட்டுவிட்டு இவளும் ஓடுகிறாள்!

"எம்மா, எங்க போற? அது சிக்ஸு!" அம்பயர் பதறினார்.

"பந்து எடுக்க சார்!"

கோச் மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அண்ணன் பக்கம் வந்து, "பொண்ண எடுத்துக்கறோம்" என்றார். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தான். வெயில் என்றான்.

இப்போது ஆட்டம்தான் கஸ்தூரிக்கு உத்தியோகம். மாதச் சம்பளம், ஊர் ஊராக ஃப்ளைட், மட்டைக்கே தனிப் பை. நாங்கள் உட்கார்ந்திருந்த மணலில் பாதி கடலோடு போய்விட்டது, மீதியில் அலையைத் தடுக்கக் கருங்கல் கொட்டிவிட்டார்கள். பையன்கள் தெருவில் ஆடுகிறார்கள். அங்கே எந்தப் பக்கம் அடித்தாலும் ரன்தான்.

போன வாரம் மீன் பலகையில் போனைச் சாய்த்து வைத்து அவள் மேட்ச் பார்த்தேன். வஞ்சிரம் கேட்டு வந்தவர்களும் நின்று பார்த்தார்கள். கடல் பக்கம்... எனக்கு இன்றைக்கும் அது கடல் பக்கம்தான்... தூக்கி ஒரு சிக்ஸ். அடித்த கையோடு ரெண்டு எட்டு முன்னால் வைத்து, சட்டென்று நின்றாள். எங்களைத் தவிர யாருக்கும் அது புரிந்திருக்காது.

ராத்திரி போன் பண்ணிச் சீண்டினேன். "ஏன்டி, அங்கதான் பந்து போனா பெட்டியத் தொறந்து வேற குடுக்கறாங்களே. இன்னும் எதுக்குடி ஓடப் பாக்குற?"

சிரித்தாள்.

"வேற பந்து வரும்னு காலுக்கு இன்னும் நம்பிக்க வரல அத்த."