நிரப்பாமல் விட்ட இடம்

ஹனீன் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. கீழக்கரைப் பெண். பிரிக்பீல்ட்ஸில், மோனோரயிலைப் பார்த்தபடி ஐந்தாவது மாடியில் எங்கள் அலுவலகம். அவள் கணவர் ஹாசிமும் அங்கேதான் இருந்தார். எங்கள் எல்லோருக்கும் கன்டெய்னர் வேலை. நான் கிள்ளான்காரி, கன்டெய்னர் என்றால் எங்கள் வீட்டில் துறைமுகத்து லோரியைத்தான் நினைப்பார்கள். இது வேறு. ஒரு மென்பொருள் ஓடத் தேவையான சாமான்களையெல்லாம் ஒரே பெட்டியாகக் கட்டி அனுப்புவது.

ஒவ்வொரு பெட்டியையும் முதலிலிருந்து கட்டினால் தாவு தீர்ந்துவிடும் என்று ஹாசிம் ஒரு டெம்ப்ளேட் எழுதி வைத்தார். முறுக்கு அச்சு மாதிரிதான். உழக்கு ஒன்று, வில்லையை மாற்றினால் வேறு முறுக்கு. பெட்டியின் பெயர், பதிப்பு எண் என்று ஏழு காலியிடங்கள். நிரப்பினால் நாம் சொன்னது, நிரப்பாமல் விட்டால் அவர் எழுதியது. ஏழாவது காலியிடம், பெட்டி நிற்கும்போது கடைசியாக எழுத வேண்டிய வரி. அதை யாரும் நிரப்பியதில்லை. அதனால் எந்தப் பெட்டி நின்றாலும் திரையில் ஹாசிம் எழுதிய 'போயிட்டு வரேன்' வரும். சில நொடியில் பெட்டி தானே மறுபடி எழும். நாங்கள் சிரிப்போம்.

ஹாசிம் போன பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மார்ச் மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், தூங்கிக்கொண்டிருந்த ஹனீனை எழுப்பாமல் வேலைக்குக் கிளம்பினார். ரயில் நிலையப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவே இல்லை. முப்பத்தெட்டு வயது. "சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாங்கக்கா" என்று ஹனீன் என்னிடம் சொன்னாள். நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பியபோதும் அதையேதான் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் பெட்டிகள் காரணமில்லாமல் நிற்க ஆரம்பித்தன. தினம் மத்தியானத்தில் ஒன்றிரண்டு. பழுதைத் தேடி நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒருநாள் சாப்பிடப் போன இடத்திலிருந்து சீக்கிரம் திரும்பினேன். ஆளில்லாத அலுவலகத்தில் ஹனீன் ஒரு பெட்டியை நிறுத்தினாள். 'போயிட்டு வரேன்' வந்தது. "சரி, வாங்க" என்றாள், வாசலில் நின்று வழியனுப்புகிறவளைப் போல. பெட்டி மறுபடி எழுந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பயந்துதான் போனேன், மறைப்பானேன்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் ஒருநாள் அவள் நிறுத்தியது ஒரு கிளினிக்கில் டோக்கன் எண் கொடுக்கும் பெட்டி. அன்று அது உடனே எழவில்லை, நோயாளிகள் வரிசை தெருவரை வந்துவிட்டது. மேலாளர் யுகேந்திரனுக்கு விஷயம் தெரிந்துபோனது. வெள்ளிக்கிழமைக்குள் அந்த வரியை டெம்ப்ளேட்டிலிருந்து அழித்து எல்லாப் பெட்டிகளையும் புதிதாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் ஹனீனுக்கு வேலை இல்லை என்றார். வேலை போனால் இந்த நாட்டில் இருக்கிற பெர்மிட் போகும். பெர்மிட் போனால் ஹாசிமின் கபர் இருக்கிற மண்ணை விட்டு அவள் போக வேண்டும்.

"நான் அழிச்சிடுறேன் லா, நீ பாக்க வேணாம்" என்றேன். வேண்டாமென்று தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை அவளே அழித்தாள். பழைய பெட்டிகள் அறுபத்திரண்டும் ஒவ்வொன்றாக நின்றன. 'போயிட்டு வரேன்', 'போயிட்டு வரேன்' என்று திரை நிறைந்துகொண்டே போனது. இந்தத் தடவை அவள் வாங்க என்று சொல்லவில்லை. புதிய பெட்டிகள் பேச்சில்லாமல் எழுந்தன. கடைசியாக ஒரு டயாலிசிஸ் நிலையத்தின் பெட்டி. உயிர் சம்பந்தப்பட்டது என்று அவளும் தொடாதது. கட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூட நின்றதில்லை. மாற்றுப் பெட்டி ஓடுவதை உறுதி செய்துகொண்டு அதையும் நிறுத்தினாள்.

'போறேன்' என்று வந்தது. அவ்வளவுதான்.

அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு எங்கள் வீடுகளில் யாரும் கிளம்புவதில்லை. சொன்னால் வாய்மேலேயே ஒன்று விழும். அந்தப் பெட்டி கட்டிய நேரத்தைத் தேடிப் பார்த்தேன். ஹாசிம் இறந்த அதே புதன்கிழமை, காலை ஆறு ஐம்பது. கிளம்பும் முன் வீட்டிலிருந்து அவர் கட்டியது. ஏழாவது காலியிடத்தை அந்த ஒரே தடவைதான் கையால் நிரப்பியிருக்கிறார். சோதனைக்காக எதையோ தட்டியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஹனீன் அழவில்லை. நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அந்தச் சொல்லைப் பார்த்தாள்.

"சொல்லிட்டுத்தான்க்கா போயிருக்காங்க" என்றாள். "நான்தான் தூங்கிட்டேன்."