தோடு என்று எழுதிய பக்கம்

மூன்று புத்தகத்தையும் ஒரு பென்சிலையும் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தாள் அந்தப் பிள்ளை.

"அக்கா, ஒரு ஹெல்ப் பண்ணணும். இதை நீங்க படிக்கணும்."

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். மேலே இருந்த புத்தகத்தைப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதப் பழக்குகிற புத்தகம். பிரெஞ்சில்.

"இந்த வயசிலை என்னைப் படிக்கச் சொல்லுறீரோ?"

"சும்மா படிச்சா போதும்க்கா."

"சும்மா எப்பிடிப் படிக்கிறது?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகுதான் விளங்கியது. அவர்களுக்குப் படிக்கிறது என்றால் எங்களுக்கு வாசிக்கிறது.

அவள் தமிழ்நாட்டுப் பிள்ளை. மகன் வேலை கிடைத்து லியோனுக்குப் போனபிறகு, பியர்ஃபித்தில் எங்கள் வீட்டில் அவனுடைய அறை சும்மா கிடந்தது. அதில் வந்து இருந்தாள். வந்த அன்று, காலேஜில் பாடம் எடுக்கிறேன் என்றாள். இங்கே கொலேஜ் என்றால் பதினொரு வயசுப் பிள்ளைகள் போகிற இடம். சின்னதுகளோடு மாரடிக்கிறாள் என்று பல நாள் பாவம் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, அவள் படிப்பிப்பது பள்ளிக்கூடக் கடைசிச் சோதனை முடித்த பெரிய ஆட்களுக்கு. சிலர் அவளைவிட மூத்தவர்கள். வேலை செய்துகொண்டு வந்து படிக்கிறவர்கள்.

என்னை முதலில் ஆன்ட்டி என்றாள். அக்கா எண்டு கூப்பிடும் என்றேன். அதற்கும் சிரித்தாள். நான் நீர், உமக்கு என்று கதைப்பது அவளுக்கு ராஜா காலத்துப் படம் பார்ப்பதுபோல இருக்கிறதாம்.

"எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒண்டும் தெரியாது," என்றேன்.

"அதனாலதான்க்கா கேக்கறேன்."

கதிரையை இழுத்து இருந்து விசயத்தைச் சொன்னாள். அவளுடைய வகுப்பு செப்டெம்பரில் நிறைய ஆட்களோடு தொடங்கியது. ஒக்தோபர் கடைசியில் துசான் லீவு வரும். லீவு முடிந்து போனால் அரைவாசிக் கதிரை வெறுமை. போனவர்கள் திரும்பி வரவில்லை. புத்தகம் அவளுக்கு முன்னம் இருந்தவர் எடுத்தது. வரும் வருசத்துக்கு அவளையே தெரிவு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வருகிற துசானுக்குப் பிறகும் கதிரை வெறுமை என்றால் அந்த வகுப்பை மூடிவிடுவார்கள். வகுப்பு இல்லையென்றால் அவளுக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் பிரெபெக்தூர் கந்தோரில், இந்த நாட்டில் இருக்க விடுகிற கார்டைப் புதுப்பிக்க ஏலாது.

இதை அழாமல் சொன்னாள். அது எனக்குப் பிடித்தது.

"நான் என்ன செய்ய வேணும்?"

"எங்க போர் அடிக்குதோ, எங்க புரியலையோ, அங்க பென்சில்ல ஒரு கோடு. அவ்ளோதான். எனக்காகப் பாவம் பார்த்து ரெண்டு பக்கம் தள்ளிப் போடக் கூடாது."

"நான் பாவம் பார்க்க மாட்டன்," என்றேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என்னுடைய பிரெஞ்சு கடைப் பிரெஞ்சு. லா ஷப்பலில், ரூ பெர்தொனேயில் ஒரு நகைக்கடையில் வேலை. பெட்டிகளில் ஒட்டியிருக்கும் துண்டுகளைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டினேன். பாக் என்றால் மோதிரம். ஷேன் என்றால் சங்கிலி. பூக்ல் என்றால் தோடு. மிச்சத்தை ரயிலும் தபாலும் பிரெபெக்தூரும் பழக்கின.

ரயிலில்தான் வாசித்தேன். பியர்ஃபித்திலிருந்து கார் து நோர் ஸ்டேஷன் வரைக்கும் இருக்க இடம் கிடைத்தால் வாசிக்கலாம். கிடைக்காத நாளில் நின்றுகொண்டு வாசித்தேன்.

முதல் புத்தகம் தடிப்பு. நல்ல கடதாசி. அந்த வருசம் வகுப்பில் இருந்தது அதுதான். மெஷினை யார் கண்டுபிடித்தார்கள், அதற்கு முன்னம் யார், அதற்கும் முன்னம் யார் என்று போனது. மூன்றாம் பக்கத்தில் கோடு போட்டேன். அடுத்த நாள் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினேன். அதே இடத்தில் நின்றேன். மூன்றாம் நாளும் அதே இடம். பையில் வைத்துவிட்டேன்.

இரண்டாவது கலர்ப் புத்தகம். ஒரு சின்ன ரோபோ பக்கத்துக்குப் பக்கம் கையை ஆட்டியது. ஒரு வரி எழுதினால் பிராவோ என்றது. ஒன்றும் எழுதாவிட்டாலும் பிராவோ என்றது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பன்னிரண்டாம் பக்கத்தில் கோடு.

மூன்றாவது மெல்லிசு. சாம்பல் அட்டை. வணக்கம்கூடச் சொல்லவில்லை. இதை எழுது, இப்படி வரும், இப்போது இந்தச் சொல்லை மாற்று, என்ன வரும் என்று நினைக்கிறாய் என்று கேட்டது. என்னிடம் மெஷின் இல்லை. கடையில் கிடந்த பழைய கொப்பியில் எழுதினேன். என்ன வரும் என்று நினைத்து எழுதிவிட்டு அடுத்த பக்கத்தில் பார்ப்பேன். பாதி சரி வரும். ஒரு நாள் கார் து நோரில் இறங்க மறந்து அடுத்த ஸ்டேஷனான ஷத்லே வரைக்கும் போய்விட்டேன். கடை திறக்கப் பிந்திவிட்டது.

இருபத்தேழாம் பக்கத்தில் பூக்ல் என்று பெரிய எழுத்தில் இருந்தது.

எனக்குச் சந்தோசம். தெரிந்த சொல். உதாரணத்துக்கு ஒரு நகைக்கடையை எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். முன்னுக்குப் பின்னுக்குப் புரட்டினேன். நாலு பக்கம் தள்ளி ஷேன் என்றும் இருந்தது. இனி மோதிரமும் வரும் என்று தேடினேன். வரவில்லை.

கடையில் ஆள் இல்லாத நேரம் முதலாளி எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, புது டிசைன் புத்தகமோ?"

"கம்ப்யூட்டர் புத்தகம் அண்ணை."

அவர் கண்ணாடியைப் போட்டு விரலை வைத்து வாசித்தார். "பூக்ல். ஷேன். ஷேன் து கரக்தேர். இதென்ன, குணமுள்ள சங்கிலியோ? எத்தினை கரட் எண்டு போட்டிருக்கோ?"

"அதைப் போடேல்லை."

"அப்ப கள்ளக் கடை. ஏமாந்து போகாதை."

ஆனால் வசனம் ஒட்டவில்லை. பூக்ல் திரும்பத் திரும்ப நடக்குமாம். நிற்கச் சொல்லும்வரைக்கும் நிற்காதாம். தோடு எங்கே நடக்கிறது? இரண்டு தரம் வாசித்தேன். அந்த இடத்தில் கோடு போட்டு, பக்கத்தில் தமிழில் தோடு என்று எழுதி ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

பின்னேரம் மூன்றையும் கொடுத்தேன். மூன்று கோட்டையும் பார்த்தாள். மூன்றாவதில் நின்றாள்.

"தோடா? ஏன்க்கா தோடு?"

காதைத் தொட்டுக் காட்டினேன். "பூக்ல் எண்டால் இது. நான் ஒவ்வொரு நாளும் விக்கிறன்."

விழுந்து விழுந்து சிரித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"எனக்குத் தெரியாதுக்கா," என்றாள். "நான் எல்லாமே இங்கிலீஷ்ல படிச்சவ. லூப், ஸ்ட்ரிங், அப்படித்தான் தெரியும். இங்க வந்ததும் ஒரு லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ணேன். லூப்னா பூக்ல். ஸ்ட்ரிங்னா ஷேன். பூக்லுக்குன்னு வேற அர்த்தம் இருக்குன்னே இன்னிக்குத்தான் தெரியுது."

"இவ்வளவு நாள் இஞ்சை இருக்கிறீர். ஒரு தோடு வாங்கேல்லையோ?"

"ஊர்லேருந்தே கொண்டு வந்துட்டேன்க்கா."

அப்படியென்றால் அவளுக்கு ஒரு பாதிப் பிரெஞ்சு, எனக்கு மற்றப் பாதி.

பிறகு சொன்னாள். வகுப்பில் ஒரு பெண் இருந்தாளாம். ஒபர்வில்லியேயில் தலைமயிர் வெட்டுகிற கடையில் வேலை. ஏன் இதுக்கு பூக்ல் என்று பெயர் என்று கையை உயர்த்திக் கேட்டாளாம். பூக்ல் என்றால் பூக்ல்தான், எழுதுங்கள் என்று இவள் சொன்னாளாம். துசானுக்குப் பிறகு அந்தப் பெண் வரவில்லை.

"அவவுக்கு அது சுருட்டை மயிர்," என்றேன். "மயிர்ச் சுருளுக்கும் பூக்ல் எண்டுதான் சொல்லுறது."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த மெல்லிசுப் புத்தகத்தை எடுத்து நான் நின்ற பக்கத்தைத் திருப்பினேன். பின்பக்கத்தில், நகை தேடின அவசரத்தில் நான் கவனிக்காத ஒரு பஸ் படம் கீறியிருந்தது. ஊரைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருகிற பஸ். அதனால்தான் இதற்கு இந்தப் பெயர் என்று இரண்டு வரி. தடிப்புப் புத்தகத்தில் தேடினோம். இல்லை. ரோபோ பிராவோ சொன்னதே தவிர இதைச் சொல்லவில்லை.

"ஒரு பக்கம் பிந்திப் போட்டினம்," என்றேன். "ஆனால் போட்டிருக்கினம்."

அடுத்த நாள் அந்த பஸ் படம் இருந்த பக்கத்திலிருந்து தொடர்ந்து வாசித்தேன். அதன் முடிவில் பயிற்சி. நீ ஒவ்வொரு நாளும் திரும்பத் திரும்பச் செய்கிற ஒரு வேலையை மெஷினுக்கு எழுது என்று இருந்தது. எனக்கு யோசிக்க வேண்டி வரவில்லை. தட்டில் தோடு இருக்கும்வரைக்கும்: ஒரு தோட்டை எடு, துணியால் துடை, தட்டில் வை. எழுதிக் கொடுத்தேன்.

வாசித்துவிட்டு, "அக்கா, உங்க மெஷின் சாகற வரைக்கும் துடைக்கும்," என்றாள்.

"ஏன்?"

"துடைச்சதை அதே தட்டுல வைக்கறீங்களே. தட்டு எப்பக் காலியாகும்?"

"நான் அப்பிடித்தான் செய்யிறனான். எது துடைச்சது எண்டு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். அதுக்குத் தெரியாதே."

இன்னொரு தட்டு என்று திருத்தி எழுதினேன். அடுத்த நாள் கடையிலும் இரண்டு தட்டு வைத்துத் துடைத்தேன். வேலை கெதியாய் முடிந்தது. கள்ளக் கடைப் புத்தகம் வேலை செய்யுதே என்றார் முதலாளி.

வியாழக்கிழமை அவளுக்குக் கூட்டம். வகுப்புகளுக்குப் பொறுப்பான பிரெஞ்சுப் பொம்பிளை தடிப்புப் புத்தகம்தான் வேண்டும் என்று நிற்கிறாவாம். மற்ற இடங்களிலும் அதுதானாம். மெல்லிசு பார்வைக்கு ஏழ்மையாய் இருக்கிறதாம்.

"என்னக்கா சொல்றது?"

"புத்தகத்தைக் கொடும். கோட்டைக் காட்டும்."

காலையில் மூன்றையும் பையில் வைத்துக்கொண்டு போனாள். நான் கடையில் அன்று ஒரு மோதிரத்தைப் பிழையான பெட்டியில் வைத்துவிட்டுப் பிறகு தேடினேன். எனக்கு அப்படி நடக்கிறதில்லை.

நடந்ததைப் பின்னேரம் வந்து சொன்னாள். அந்தப் பொம்பிளை ஒவ்வொரு கோட்டையும் பார்த்தாவாம். மூன்றாம் பக்கத்திலேயே நிறுத்தியது யார் என்று கேட்டாவாம். லா ஷப்பலில் நகைக்கடையில் வேலை செய்கிற ஒருவர், வேறு வேலை செய்துகொண்டு வந்து படிக்கிற எங்கள் ஆட்களைப் போல என்றாளாம் இவள். பிறகு இருபத்தேழாம் பக்கம். இது என்ன எழுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாவாம்.

"தமிழ்ல பூக்ல்னு எழுதியிருக்குன்னு சொன்னேன்க்கா. சரியாத்தானே எழுதியிருக்காங்க, அப்புறம் ஏன் கேள்விக்குறின்னு கேட்டாங்க. நான் காதைத் தொட்டுக் காட்டினேன்."

"பிறகு?"

"அவங்களும் தன்னோட காதைத் தொட்டுப் பார்த்தாங்க. பெரிய வளையம் போட்டிருந்தாங்க. அப்புறம் சிரிச்சாங்க. ஒரு வருசம் பார்ப்போம்னு சொல்லி மெல்லிசுக்குக் கையெழுத்துப் போட்டுட்டாங்க."

மெல்லிசு என்று நான் வைத்த பெயரையே சொன்னாள். நான் சோறு போட்டேன்.

செப்டெம்பரில் முதல் வகுப்பிலேயே பலகையில் பூக்ல் என்று எழுதி, உங்களுக்கு இது என்ன என்று கேட்டாளாம். தோடு என்றார்களாம். சுருட்டை மயிர். பெல்ட்டின் கொளுக்கி. பஸ் ஓட்டுகிற ஒருவர், கடைசித் தரிப்பில் நான் திரும்புகிற வட்டம் என்றாராம். அரை மணித்தியாலம் போய்விட்டது, பாடம் பிந்திவிட்டது என்று கவலைப்பட்டாள். பிந்தட்டும் என்றேன்.

துசான் லீவு வந்தது. அந்த நாட்களில் அவள் வீட்டிலேயே இருந்தாள். அறையில் நடப்பது கேட்கும். சுவர் மட்டும் போவாள், திரும்புவாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் கதிரை நிரம்பப் போவதில்லை.

லீவு முடிந்த திங்கட்கிழமை நான் முந்தி வந்துவிட்டேன். கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. சப்பாத்தைக் கழற்ற நேரம் எடுத்தாள். பையைக் கதிரையில் வைத்தாள்.

"ஒரே ஒருத்தர்தான்க்கா வரல," என்றாள். "பஸ் ஓட்றாரே, அவரு. டூட்டி மாத்திட்டாங்களாம். புதன்கிழமை வரேன், யாராவது நோட்ஸ் எடுத்து வைங்கன்னு மெசேஜ் போட்டிருக்காரு."

"மற்ற ஆக்கள்?"

"எல்லாரும் இருந்தாங்க. ஒரு பையன் ஜன்னல்கிட்ட நின்னுட்டு இருந்தான். ஏன்டா நிக்கறேன்னு பார்த்தா, கதிரை பத்தல. பக்கத்து வகுப்புப் பையன். இந்தப் புத்தகம்தான் வேணும்னு வந்து நிக்கறான்."

அவளும் கதிரை என்றாள். கவனித்தேன்.

கார்ட் விசயம் தை மாதம். அது இன்னும் தெரியாது. ஆனால் வகுப்பு இருக்கிறது என்று கடிதம் கொடுக்கிறேன் என்று அந்தப் பொம்பிளை சொல்லியிருக்கிறாவாம்.

சாப்பிட்டு முடிய, பையில் இருந்து இன்னும் இரண்டு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டாம் வருசத்துக்காம்.

"நான் இன்னும் முதல் வருசப் புத்தகத்தையே முடிக்கேல்லை," என்றேன். "அறுபத்தியோராம் பக்கத்திலை நிக்கிறன்."

"கோடு போட்டீங்களா?"

"இல்லை. அது நித்திரை வந்து நிண்டது."

பென்சில் கட்டையாகிவிட்டது. அடுத்த நாள் வேலைக்குப் போகும்போது ரூ பெர்தொனே மூலையில் உள்ள கடையில் புதிதாய் இரண்டு வாங்கினேன்.