சவ அடக்கத்தோடு முடிந்த புத்தகம்

இந்த நாட்டில் தொலைபேசியை எடுப்பவர் முதலில் தன் பெயரைச் சொல்வார், அதுவும் குடும்பப் பெயரை. டோர்ட்மண்டுக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு அந்தப் பழக்கம் ஒட்டவில்லை. ஊரில் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் யாரென்று குரலை அறிந்த பிறகுதான் வாய் திறப்போம். போதாக்குறைக்கு என் பத்திரங்களில் குடும்பப் பெயராக விழுந்திருப்பது மாமனாரின் பெயர். மாமாவின் பெயரை வாய்விட்டுச் சொல்லி, அது நான்தான் என்று எந்த மருமகள் சொல்வாள்? வெறும் "ஹலோ" என்று இழுப்பேன். மகள் சிரிப்பாள்.

அந்த மாமா ஒரு ஜூலையில் யாழ்ப்பாணத்தில் காலமானார். அடக்கத்துக்கு என் கணவர் பறந்தார். அரசுக்கும் இயக்கத்துக்கும் இடையிலான சமாதான ஒப்பந்தம் அப்போதும் காகிதத்தில் உயிரோடுதான் இருந்தது. அங்குமிங்கும் குண்டு வெடித்தது. எல்லோரும் "ஒப்பந்தம் இருக்குத்தானே" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

கணவர் ஊருக்குப் போன பிறகுதான் அந்தப் புத்தகம் என் கையில் அகப்பட்டது. மகள் பள்ளிக்கூடத்துக்கென்று நூலகத்தில் எடுத்துப் பாதியில் போட்டுவிட்ட பழைய கிரேக்கப் போர்க் காவியம், ஜெர்மன் உரைநடையில். முதியோர் இல்லத்தில் எனக்குத் துணி தோய்க்கும் வேலை. போகிற வழியில் ட்ராமில் வாசித்தேன். மொழி கடினம், சண்டை எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதில் ஒவ்வொருவன் விழும்போதும் அவன் யார் பெற்ற பிள்ளை, எந்த ஊர் என்று சொல்லித்தான் சாகவிடுகிறார்கள். எங்கள் செய்திகளில் எண்ணிக்கை மட்டும்தான் வரும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடைசியில் கிழட்டு அரசன் மகனின் உடலைக் கேட்டு எதிரியின் கூடாரத்துக்கே போய், மகனைக் கொன்ற கையை முத்தமிடுகிறான். நானென்றால் கடித்திருப்பேன்! எதிரியும் அழுகிறான். உடலைக் கொடுத்து, இறுதிச் சடங்கு முடியும்வரை சண்டை இல்லை என்று வாக்கும் கொடுக்கிறான். மகனை எரித்து, எலும்பைப் புதைத்து, எல்லோரும் கூடிச் சாப்பிடுகிறார்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். வெறும் தாள்.

இதெப்படி முடிவாகும்? எங்கள் ஊர் குருநகரில் பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கிக் கிடத்திவிட்டுப் பசாம் என்ற ஒப்பாரியைப் பாடி அழுவோம். வீடு திரும்பும்போதே அம்மா உயிர்ப்புத் திருநாளுக்கு இறைச்சி சொல்லியாயிற்றா என்று கேட்பார். கல்லறையோடு கதையை நிறுத்திவிட்டு நாங்கள் படுக்கப் போனதில்லை. மற்றப் பாகத்தை மகள் எடுக்க மறந்துவிட்டாள் என்றே நினைத்து நூலகத்துக்குப் போனேன்.

"இரண்டாம் பாகம் வேண்டும்" என்று ஜெர்மனில் கேட்டேன்.

நூலகப் பெண்மணி, எனக்குக் கதை அவ்வளவு பிடித்துவிட்டது என்று எண்ணி, முகம் மலர்ந்தாள். "இல்லை, அவ்வளவுதான். அழகான முடிவு, இல்லையா?"

"அந்தப் பட்டணத்துக்கு என்ன நடந்தது?"

"எரிந்துபோனது. அதுதான் எல்லோருக்கும் தெரியுமே."

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காமலே வந்துவிட்டேன். வந்ததும் கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இஞ்சரப்பா, உடனே வெளிக்கிடுங்கோ."

"உமக்கென்ன விசரே? முப்பத்தொராம் நாள் பூசை முடிய அடுத்த நாளே வாறன்."

"பூசையை இஞ்ச வைப்பம். வாங்கோ."

"அப்பான்ர பூசையை விட்டிட்டு வர ஏலாது. ஒப்பந்தம் இருக்குத்தானே."

சடங்கு முடிய வாக்கும் முடிந்து பட்டணம் எரிந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். கிரேக்கக் கதையைக் காட்டிக் கூப்பிட்டால் சிரிப்பார் என்று விட்டுவிட்டேன்.

பூசை நாள் வருமுன்னே வேலையால் வந்த என்னை மகள் வாசலிலேயே மறித்தாள். "அம்மா, யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிட்டாங்களாம். சண்டையாம்." அதன் பிறகு யாழ்ப்பாணத்துக்கு லைன் கிடைக்கவில்லை. பூசை நடந்ததா, அவர் எங்கே நிற்கிறார், ஒன்றும் தெரியாது.

ஒரு மாலை தொலைபேசி அடித்தது. அவராக இருந்து, ஒரு நொடியில் லைன் அறுந்துவிட்டால்? எடுத்ததும் காத்திராமல், முதல் முறையாக மாமாவின் பெயரைச் சொல்லி, "செபமாலை" என்றேன்.

மறுமுனையும் தன் பெயரைச் சொன்னது. நூலகப் பெண்மணி. வேறொருவர் அந்தப் புத்தகத்துக்குக் காத்திருக்கிறாராம்; வாசித்து முடித்துவிட்டேனா?

"இல்லை, இன்னும் முடியவில்லை" என்று சொல்லி, லைனை மறிக்கக் கூடாதென்று பட்டென வைத்தேன்.

இப்போதெல்லாம் மணி அடித்தால் ஜெர்மன்காரரைப்போல மாமாவின் பெயரை முதலில் சொல்கிறேன். பிறகு எங்கள் ஆட்களைப்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.