தொட்டியின் மூலையில் நுரை

தாய்லாந்தின் நக்கோன் பத்தோம் வாய்க்கால்கரையில் சண்டை மீன் என்றால் தவின்தான். அறுபத்திரண்டு வயது. வீட்டுக்குப் பின்னால் தட்டையான சாராய பாட்டில்கள் நானூறு இருக்கும், பாட்டிலுக்கு ஒரு மீன். ஒன்றை ஒன்று பார்த்து முறைத்துக்கொள்ளாமல் இருக்க நடுவில் அட்டை. இரண்டு மாதக் குஞ்சை உள்ளங்கைத் தண்ணீரில் ஏந்தி, வயிற்றடியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார். தெரிந்தால் பெண். அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

கண் மங்கி மூன்று வருடமாகிறது. மகள் வாங்கித் தந்த கண்ணாடி சட்டைப் பையிலேயே கிடந்தது. மீன்காரன் கண்ணாடி போட்டால் ஊர் சிரிக்குமாம். வீம்பு பிடித்த மனுஷன்.

ஊர் சுகாதார நிலையத்தில், ரத்த அழுத்தம் பார்க்க வருகிறவர்கள் காத்திருக்கும் கூடத்தில், பெரிய மீன் தொட்டி ஒன்று உண்டு. மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அழுத்தம் இறங்கும் என்பது நர்ஸ் சிரிலக்கின் கட்சி. அவரவர் வீட்டிலிருந்து மீன் கொண்டுவந்து விட்டார்கள். தையல்கார லம்துவன் நீள வால் கப்பி மீன்கள் ஆறு விட்டாள். முடிவெட்டும் பிரயோங், வரி போட்ட டைகர் பார்ப் ஐந்து விட்டார். தொட்டியைப் பராமரிப்பது தவின்.

"நாங்கல்லாம் விட்டாச்சு. பெரிய மீன்காரரு மட்டும் கைய வீசிக்கிட்டு வர்றாரு" என்றாள் லம்துவன்.

சும்மா விடுவாரா? மறுநாளே குட்டை வால் நீலக் குஞ்சு ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார்.

"என் கப்பிய கடிச்சிடாதே?"

"இது பொண்ணு மீனு. ஆம்பளைய விட்டாத்தான் வம்பு."

வீட்டில் அதைக் கையில் ஏந்திப் பார்த்தபோது வெள்ளைப் புள்ளி தெரிந்த மாதிரி இருந்தது. மாதிரிதான். கண்ணாடியைப் போட்டுப் பார்க்கவில்லை.

ஒன்றரை மாதத்தில் கப்பிகளின் வால் கந்தலாகிவிட்டது. இரண்டு செத்து மிதந்தன. கூடமே தவினின் முகத்தைப் பார்த்தது.

"டைகர் பார்ப் வேலை" என்றார் சட்டென்று. "வால் கடிக்கிறது அதுங்க புத்தி."

அந்த மீனுக்கு அப்படி ஒரு கெட்ட பெயர் உண்டுதான். அதனால் எல்லோரும் நம்பினார்கள்.

"என்னுது கடிக்கலண்ணே" என்றார் பிரயோங். "நான் தெனம் பாக்கறேனே."

"யோவ், நீ தலைய பாரு. மீன நான் பாத்துக்கறேன்."

"முடி வெட்டுறவரு மீனு வால வெட்டாம என்ன பண்ணும்?" என்று யாரோ எடுத்துக் கொடுக்க, கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. பிரயோங் ஐந்து மீன்களையும் பிளாஸ்டிக் பையில் பிடித்துக்கொண்டு போனார். லம்துவனும் மிச்சமிருந்த கப்பிகளை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். அந்தக் கேலி மட்டும் பிரயோங்கின் கடை வரைக்கும் போயிற்று. நாற்காலியில் உட்காருகிறவர்கள், "காத கடிச்சிடாதப்பா" என்றார்கள்.

அடுத்த திங்கட்கிழமை விடிந்ததும் தண்ணீர் மாற்றப் போன தவின், மிதக்கும் வாதாம் இலைக்கு அடியில் நுரையைப் பார்த்தார். பம்பு நுரையாக இருக்கும் என்று விரலால் தொட்டார். உடையவில்லை, பிசுபிசுத்தது. யாரும் இல்லாத தைரியத்தில் கண்ணாடியைப் போட்டார். நீல மீன் செவுளை விரித்துக்கொண்டு விரலைத் தாக்க வந்தது. முட்டைகளுக்காக வாயால் நுரைக்கூடு கட்டிக் காவல் காக்கும் அசல் ஆண்.

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. மீனை எடுத்துவிடலாம், ஆனால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்களே. நுரையைக் கையால் வழித்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை அது மறுபடியும் கட்டியிருந்தது. மறுபடியும் வழித்தார். புதன்கிழமையும் அதே வேலை. நாற்பது வருட மீன்காரன், ஒரு மீனுக்குப் பயந்து திருடனைப் போல் விடியற்காலையில் வந்துகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை, வரிசைக்கு இடம் பிடிக்க யாரோ கழற்றி வைத்த செருப்பு ஒரு ஜோடி கூடத்தில் கிடந்தது. யாருடையது என்று அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை. வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பார்கள் என்று தொட்டிக்குள் கையை விட்டார்.

"நேத்தும் வழிச்சீங்கண்ணே" என்றது தூணுக்குப் பின்னாலிருந்து பிரயோங்கின் குரல். "ரோட்டுல போறப்ப பாத்தேன்."

பெண் மீனும் சில சமயம் நுரை விடும் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. பிரயோங்குக்குக் கோபமே இல்லாதது போலிருந்தது. அதுதான் தவினை அறுத்தது. பொய்யை விழுங்கினார்.

"தப்பு பண்ணிட்டேன்யா."

"என்கிட்ட எதுக்கு? அன்னைக்குச் சிரிச்சாங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க."

ஏழு மணிக்குக் கூடம் நிறைந்தது. தவின் எல்லோர் எதிரிலும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"அது ஆணு. கண்ணு தெரியாம பொண்ணுன்னு விட்டுட்டேன். தெரிஞ்சப்புறமும் மூணு நாளு மறைச்சேன். பிரயோங் மீனு ஒரு பாவமும் பண்ணல."

லம்துவன் வாயில் கையை வைத்துக்கொண்டாள். தவின் நீல மீனை வலையில் அள்ளிப் பாட்டிலுக்குள் விட்டார். பிறகு பிரயோங் பக்கம் திரும்பினார்.

"உன் மீனுங்கள மறுபடி இதுல விட்டுடலாம்யா. நானே வந்து எடுத்துட்டு வர்றேன்."

பிரயோங் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லண்ணே. வீட்டுல வாளியில கொழாத்தண்ணிய புடிச்சு விட்டேன். மறுநாளே அஞ்சும் போச்சு."

"அடப்பாவி, கொழாத்தண்ணியில மருந்து இருக்கும், அது போக ஒருநாள் வச்சிருந்து விடணும்யா! என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"கேக்கத்தான் உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன்" என்றார் பிரயோங். "அன்னைக்கு அம்புட்டு பேரு சிரிச்சாங்களா, கூப்பிட வெக்கமா இருந்துச்சு. திரும்பிப் போயிட்டேன்."

நர்ஸ் சிரிலக் முதல் ஆளை உள்ளே கூப்பிட்டாள். பிரயோங் எழுந்து போனார். தவின் கண்ணாடியைக் கழற்றவில்லை.