அத்தை எங்களை உட்காரவைத்துக் காட்டிய கறுப்பு வெள்ளைப் படம்

அந்தப் படம் இப்போது இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது. போன மாதம் சிங்கப்பூரில் வேலை முடிந்து திரும்பும்போது எல்லைப் பாலத்து நெரிசலில் பேருந்து நின்றுவிட, கைப்பேசியில் பார்த்து முடித்தேன். படத்தின் கீழே மக்கள் எழுதியிருக்கும் கருத்துகள்தான் பெரிய வேடிக்கை. கொண்டாடியிருக்க வேண்டிய படத்தைக் குப்பையில் போட்டுவிட்டார்களே என்று ஒருவர் கொதிக்கிறார். பாதியிலேயே தூங்கிவிட்டேன் என்கிறார் இன்னொருவர். கதாநாயகிக்குத் திமிர் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார் மூன்றாமவர். அதைப் படித்ததும் எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது. இதே சண்டை எங்கள் ஊர் காஹாங்கில் வீட்டுக் கூடத்தில் நடந்தபோது எனக்கு ஒன்பது வயது.

படம் வந்த காலத்திலேயே ஓடவில்லையாம். ஓடாததில் ஆச்சரியமும் இல்லை. சண்டை கிடையாது, சிரிக்க வைக்கத் தனி ஆள் கிடையாது, பாட்டு இரண்டே இரண்டு. கதையும் சின்னது. ஒரு தபால் அதிகாரி ஊரில் எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார், மனைவியிடம் மட்டும் பேச மாட்டார். என்றோ ஒரு நாள் கோபத்தில் நிறுத்திய பேச்சு வருடக்கணக்கில் அப்படியே நின்றுவிட்டது. சோறு வேண்டுமென்றால் மகனைக் கூப்பிட்டு, அம்மாவிடம் சொல் என்பார். அந்த அம்மா கரண்டியும் கையுமாகப் பக்கத்திலேயே நிற்பாள். கடைசியில் அவள் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள்.

இந்தப் படத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அத்தை, அப்பாவின் தங்கை. மூவாரில் வாழ்க்கைப்பட்டவர், ஒரு நாள் பெட்டியோடு தனியாகப் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். இனி அவரோடு வாழ முடியாது என்றார். வீட்டில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மாமா அங்கே மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் ஆட்கள் மாப்பிள்ளைக்கு வைக்கும் பரீட்சையில் இரண்டே கேள்விகள்தான்: குடிக்கிறானா, அடிக்கிறானா. மாமா இரண்டிலும் நூற்றுக்கு நூறு. அமைதியான மனுஷன் என்று பெரியப்பா போகிற இடமெல்லாம் பெருமையடித்து வைத்திருந்தார்.

என்னதான் குறை என்று கேட்டதற்கு, என்னிடம் பேச மாட்டேன் என்கிறார் என்று அத்தை சொன்னார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். உங்கள் அண்ணன் ஒரு நாள் வாயை மூடினால் நான் கோயிலுக்கு விளக்கேற்றுவேன் என்றார் அம்மா. அத்தை அதற்குமேல் எதையும் விளக்கவில்லை. மூன்றாவது வாரம் பெரியப்பா யோங் பெங்கிலிருந்து தொலைபேசியில் முடிவைச் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மாப்பிள்ளை வருவார், இவள் கிளம்பிப் போக வேண்டியது.

"வரட்டும். ஆனா அதுக்கு முன்னாடி எல்லாரும் உக்காந்து ஒரு படம் பாக்கணும். பாத்துட்டு என்னா சொல்றீங்களோ கேட்டுக்குறேன்" என்றார் அத்தை.

குளுவாங்கில் கடை கடையாக ஏறி அந்த விசிடியைப் பிடித்திருந்தார். ஞாயிறு மதியம் பெரியப்பாவும் வந்துசேர்ந்து சாப்பாடு முடிந்ததும் வாசல் கதவைச் சாத்தி, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்து போகக் கூடாது, பேசக் கூடாது. முதல் தட்டில் கீறல் விழுந்து படம் அங்கங்கே உறைந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் அத்தை எழுந்து போய்த் தட்டை எடுத்து, கைலி நுனியால் துடைத்துப் போட்டு, நின்ற காட்சியை முதலிலிருந்தே ஓட்டினார். தபால் அதிகாரி சோறு கேட்பதை மட்டும் நாங்கள் மூன்று முறை பார்த்தோம். "என்னா லா இது, படமே வீட்டுக்குப் போங்கன்னு சொல்லுது" என்றார் பெரியப்பா. அத்தை நான்காம் முறையும் துடைத்தார். அவ்வளவு பிடிவாதத்தை அவரிடம் நான் அதுவரை பார்த்ததே இல்லை.

மூன்றரை மணிக்குப் படம் முடிந்தது. அத்தை விளக்கைப் போட்டு ஒவ்வொருவராகக் கேட்டார். அவளுக்குத் திமிர், வீட்டுக்கு வேண்டியதெல்லாம் வாங்கிப் போடுகிறான், வேறு என்ன வேண்டுமாம் என்றார் பெரியப்பா. அப்பா எந்தப் பக்கமும் சாயாத ஆள். கடைசியில் இரண்டு பேரையும் சேர்த்து வைத்திருந்தால் படம் நூறு நாள் ஓடியிருக்கும் என்று டைரக்டருக்கு யோசனை சொன்னார். அம்மா இரண்டாவது தட்டு முழுக்க அழுதிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, படம் ரொம்ப இழுவை என்றார். அத்தை யாரிடமும் வாதாடவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

என்னையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய மனுஷி மாதிரி ஏதாவது சொல்லியே ஆக வேண்டும்.

"அந்தப் பையனுக்கு நடிக்கவே தெரியல. சும்மா ஒப்பிக்கிறான். மூவார்ல நான் இதவிட நல்லா சொல்வேன்."

என்ன சொல்வாய் என்று அப்பா கேட்டார். நான் எழுந்து நின்று நடித்தே காட்டினேன். ஒவ்வொரு வருடமும் பள்ளி விடுமுறைக்கு என்னை மூவாரில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே மாமாவுக்கு எது வேண்டுமானாலும் என்னைத்தான் கூப்பிடுவார். அத்தைகிட்ட காப்பி போடச் சொல்லு, அத்தைகிட்ட நீலச்சட்டை எங்கேன்னு கேளு. அத்தை எதிரிலேயே நிற்பார். நான் அவர் பக்கம் திரும்பி, சீனி கம்மியாக என்று சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வேன், மாமா சிரிப்பார். அவர்கள் எனக்காக நடத்தும் விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். இரண்டு பேரும் எத்தனை நல்லவர்கள், குழந்தைக்காக இவ்வளவு நேரம் விளையாடுகிறார்களே என்றுகூட நினைத்தேன்.

நீ இல்லாத நாளில் எப்படி என்று அப்பா கேட்டார். குரல் மாறியிருந்தது.

"தாள்ல எழுதி ஐஸ்பெட்டியில ஒட்டி வச்சிருவாங்க. நான் போனதும் எல்லாத்தையும் உக்காந்து படிப்பேன்."

கூடத்தில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நம் நடிப்பு அத்தனை நன்றாக அமைந்துவிட்டது போலிருக்கிறது என்று எனக்குப் பெருமை. அம்மா எழுந்து போய் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனை வருடமாக என்று பெரியப்பா கேட்டார். ஆறு வருடம் என்றார் அத்தை. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று பெரியப்பா கடிந்துகொண்டார்.

"சொன்னேன் அண்ணே. எல்லாரும் சிரிச்சீங்க."

மாமா சரியாக நாலு மணிக்கு வந்தார். கையில் பலகாரப் பை, முகம் நிறையச் சிரிப்பு. பெரியப்பாவின் மூட்டு வலியை விசாரித்தார், அம்மா போட்ட தேநீரைப் பாராட்டினார், அப்பாவோடு மழையைப் பற்றிப் பேசினார். அத்தை சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். தேநீர் முடிந்ததும் மாமா வழக்கம்போல என் கன்னத்தைத் தட்டினார்.

"அத்தைய கெளம்பச் சொல்லும்மா."

அவருக்கு அது பழக்கம். அந்தக் கூடத்தில் இத்தனை பேர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியவில்லை. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அத்தை பக்கம் திரும்பினேன். முழுக் குடும்பமும் பார்க்க, மாமாவோடு சேர்ந்து நான் நடிக்கப்போகும் முதல் முறை. வாயைத் திறப்பதற்குள் அப்பாவின் கை என் தோளை அழுத்திப் பிடித்தது.

"நீங்களே சொல்லுங்க மாப்பிள்ள. அங்கதானே நிக்குது."

மாமா சிரித்தார். அப்பாவைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அத்தை நின்ற பக்கம் மட்டும் அவர் முகம் திரும்பவில்லை. உதடு இரண்டு தடவை அசைந்தது. கல் மாதிரி உட்கார்ந்திருந்த பெரியப்பா கடைசியில் எழுந்து, தாமே போய் வாசல் கதவைத் திறந்துவிட்டார். மாமா அந்த வழியாகத் தனியாகப் போனார். அத்தை அதன்பிறகு மூவாருக்குப் போகவே இல்லை.

நான் அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதேன். அத்தை வந்து என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு ஏன் என்று கேட்டார். என் வசனத்தை அப்பா சொல்ல விடவில்லை என்று விம்மினேன். அத்தையும் அழுதார்.

"நீ இனிமே சொல்ல வேணாம்மா" என்றார்.

அவருக்குப் பிடித்த படத்தைக் குறை சொன்னதற்காகத்தான் என்னை அந்த வேலையிலிருந்து நிறுத்திவிட்டார் என்று வெகுநாள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.